பல்லும் நாவும்

ஒரு நாளைக்கு 22 மணி நேரம் என்று டாக்டர் சொன்னதும், மிச்சம் எவ்வளவு என்றுதான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். 2 மணி நேரம். காலை இட்லி, மத்தியானச் சாப்பாடு, ராத்திரி தோசை, இடையில் காபி, ஒவ்வொன்றுக்கும் பிறகு பல் தேய்ப்பது, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மற்ற நேரமெல்லாம், தூங்கும்போதும் வகுப்பெடுக்கும்போதும், மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என்று மெல்லிய பிளாஸ்டிக் உறை பல்லின் மேலேயே இருக்க வேண்டும். அலைனர் என்கிறார்கள். கிட்ட வந்து உற்றுப் பார்த்தால்தான் போட்டிருப்பது தெரியும்.

என் கீழ்வரிசை முன்பற்கள் இளவயதில் ஒழுங்காகத்தான் இருந்தன. நாற்பதைத் தாண்டியபின் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு திரும்ப ஆரம்பித்தன. வயது ஏற ஏற இது பலருக்கும் நடப்பதுதான். மேல்வரிசையில் வலதுபக்கக் கோரைப்பல், சிறுவயதிலிருந்தே வரிசைக்கு வெளியே உயரத்தில் நிற்கும் தெத்துப்பல். அப்பாவுக்கும் அப்படியே இருந்தது. அத்தைகள் அதை அதிர்ஷ்டம் என்பார்கள். இந்த இரண்டு இடங்களிலும் பிரஷ் போய்ச் சேராது. ஈறு வீங்கும், தேய்த்தால் ரத்தம் கசியும். அழகுக்காக நான் போகவில்லை. அப்படிப் போகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பெண் பிள்ளைகளை வருடா வருடம் வகுப்பில் பார்க்கிறவள் நான். ஆனால் என்னைக் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றியது அம்மாவின் வாய். அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்குள் எல்லாப் பல்லும் போய்விட்டது. சொத்தையால் போகவில்லை. ஈறு கெட்டு, ஒவ்வொன்றாக ஆடி ஆடி விழுந்தது. அன்றிலிருந்து பல்செட்தான்.

டாக்டர் சின்னப் பெண். முதல் நாளிலிருந்தே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். உடனே எதையும் மாட்டிவிடவில்லை. ஈறுக்கு அடியில் படிந்திருந்த காரையைச் சுத்தம் செய்து, ரத்தக் கசிவு நிற்கும்வரை காத்திருந்து, எக்ஸ்ரேயில் எலும்பின் உயரத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சையே எடுத்தார். “கம்பி போட்டாலும் பல்லு நகரும் டீச்சர். சில பல்லைத் திருப்புறதுக்குக் கம்பிதான் இன்னும் கெட்டி. ஆனா உங்களுக்கு ஈறுதான் பிரச்சினை. கழட்டி வெச்சுட்டு நல்லாத் தேய்க்க முடியுறது உங்களுக்கு உதவும்” என்றார். செலவு ஒரு லட்சத்துக்கு மேல். சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் பாதியைத் தான் தருவதாகச் சொன்னாள். நான் மறுத்தேன். அவள் கேட்கவில்லை.

ஒரு காலத்தில் பல்லை அளவெடுக்க மாவு குழைத்துத் தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்துவார்கள். அம்மாவுக்கு அப்படித்தான் எடுத்தார்கள், குமட்டிக்கொண்டு வந்தது என்று சொல்லியிருக்கிறாள். எனக்குப் பேனாவைவிடக் கொஞ்சம் பருமனான ஒரு கேமராவை வாய்க்குள் விட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்தினார். திரையில் என் பற்கள் தோன்றின. கீழே இருந்த கோட்டை அவர் இழுக்க இழுக்க, ஒவ்வொரு பல்லும் திரும்பி, நகர்ந்து, தன் இடத்தில் போய் நின்றது. ஓர் உறை ஒரு பல்லை அதிகம் போனால் கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பல்வரிசை மாதிரியை அச்சடித்து, சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் அழுத்தி, ஓரத்தை வெட்டி எடுக்கிறார்கள்.

யோசனை புதிதில்லை. 1945லேயே அமெரிக்காவில் ஹெரால்டு கெஸ்லிங் என்ற பல் மருத்துவர், நோயாளியின் அச்சிலிருந்து பல்லைத் தனித்தனியாக வெட்டி, சரியான வரிசையில் திரும்ப வைத்து, அதன்மேல் ரப்பரில் ஒரு கருவி செய்து கடிக்கச் சொன்னார். சிகிச்சையின் கடைசிச் சிறு திருத்தங்களுக்கு அது உதவியது. பெரிய நகர்வு வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கையால் வெட்டி வைக்க வேண்டும், அதற்கு யாருக்கும் கை காணாது. அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கலாம் என்று 1997இல் கலிஃபோர்னியாவில் ஒரு கம்பெனியைத் தொடங்கியவர்கள் ஸ்டான்ஃபோர்டில் படித்த ஸியா சிஷ்டி, கெல்சி விர்த் என்ற இருவர். சிஷ்டி பெரியவரான பிறகு பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டவர். கம்பி எடுத்தபின் கொடுத்த பிளாஸ்டிக் தாங்கியைச் சில நாள் போடாமல் விட்டால் பல் விலகுவதையும், திரும்பப் போட்டால் அது பல்லைப் பழைய இடத்துக்கே தள்ளுவதையும் கவனித்திருக்கிறார். தன் வாயைத் தானே கவனித்த ஒருவரிடமிருந்து வந்த விஷயம் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை.

முதல் உறையை மாட்டுவதற்கு முன் சில பற்களின் மேல், பல்லின் நிறத்திலேயே, சிறு மேடுகளை ஒட்டினார். பட்டன் என்று பெயர். உறை பல்லை வழுக்காமல் பிடித்துத் திருப்ப அந்தப் பிடிப்பு வேண்டும். கீழ்ப்பற்களுக்கு நடுவே இடம் உண்டாக்க மெல்லிய உப்புத்தாள் பட்டை ஒன்றை விட்டு இழுத்தார். வலிக்கவில்லை. ஆனால் எனாமல் திரும்ப வளராது என்று எனக்குத் தெரியும், அந்தச் சத்தம் மண்டைக்குள் கேட்டது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பத்தில் சில பங்கு மில்லிமீட்டர்தான் தேய்க்கிறேன் என்று காட்டி, ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்தி அளந்தார். அப்படி அளந்து செய்கிறவர் கையில் வாயைக் கொடுக்கலாம்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது உறையைக் கழற்ற முடியவில்லை. பட்டன்கள் பிடித்துக்கொண்டன, நகம் வலித்தது. வாஷ்பேசின் கண்ணாடிக்கு முன்னால் நான் நிற்பதைப் பார்த்து அம்மா பின்னால் வந்து நின்றாள்.

“முன்னாடி புடிச்சு இழுக்காதடி. ஒரு பக்கம் கடைவாயிலேருந்து தூக்கி விடு, மறுபக்கம் தானா வரும்.”

வந்தது.

“வென்னீர்ல அலம்பாத, கோணிக்கும். காகிதத்துல சுத்தி வைக்காத, குப்பைன்னு எடுத்துப் போட்டுடுவாங்க. வெச்ச இடத்துலயே வை. டப்பாவைத் தவிர எங்கயும் வைக்காத.”

டாக்டர் அச்சடித்துக் கொடுத்த தாளில் இருந்தவை ஏறக்குறைய இவைதான். அம்மா அதைப் படித்திருக்கவில்லை.

மறுநாள் முதல் பீரியட் எட்டாம் வகுப்பு. தமிழாசிரியைக்கு வாயே கருவி. என் வாயிலிருந்து வந்த சகரத்தில் காற்று கசிந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டாம் வகுப்புக்கு எழுத்துகளின் பிறப்பு பாடமாகவே இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் எந்த எழுத்து வாயின் எந்த இடத்தில் எப்படிப் பிறக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எத்தனையோ தடவை நடத்திய பாடம். அன்று உறையைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லி, நான் சொல்லச் சொல்ல எந்தெந்த எழுத்து மாறிக் கேட்கிறது என்று குறிக்கச் சொன்னேன்.

தகரமும் நகரமும் மாறியிருந்தன. மேல்வாய்ப் பல்லின் அடியை நாக்கின் நுனி தொடப் பிறப்பவை அவை. இப்போது நாக்கு தொட்டது பிளாஸ்டிக்கை. மேற்பல் கீழுதட்டைத் தொடப் பிறக்கும் வகரமும் கொஞ்சம் மழுங்கியிருந்தது. டகரமும் ணகரமும் அப்படியே இருந்தன, அவற்றின் இடம் அண்ணம், பல்லோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. எல்லோரும் பயப்படும் ழகரத்துக்கும் ஒரு குறையும் இல்லை. சகரத்தில்தான் பிள்ளைகள் குழம்பினார்கள். “பச்சைன்னா சரியா வருது டீச்சர், சோறுன்னாதான் மாறுது” என்றாள் ஒருத்தி. இலக்கணம் சொல்கிறபடி நடுநாக்கு நடு அண்ணத்தைத் தொட்டுப் பிறப்பது பச்சையில் வரும் சகரம். சோற்றில் வருவதைப் பேச்சில் நாம் பல்லுக்குப் பின்னாலிருந்து காற்றாக விடுகிறோம். பிளாஸ்டிக் தடுத்தது இரண்டாவதை மட்டும்தான். நான் விளக்குவதற்கு முன்பே அந்தப் பெண் தன் நாக்கை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் பாடம் அவ்வளவு நன்றாக அதற்கு முன் எப்போதும் நடந்ததில்லை.

வகுப்பு முடிந்ததும் இன்னொரு பெண் வந்து நின்றாள். அவளுக்கும் தெத்துப்பல். “இதுக்கு ரொம்பக் காசு ஆகுமா டீச்சர்?” என்று கேட்டாள். தனியாரிடம் ஆகும் என்று உண்மையைத்தான் சொன்னேன். புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் முதலில் காட்டு, உன் வயதில் எலும்பு சீக்கிரம் சொன்னபடி கேட்கும் என்றேன். பல் வரிசை என்பது காசிருப்பவர்களின் விஷயமாக ஆகிவிட்டது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நெருங்கிய பல்லில் ஈறு கெடுவது எல்லோருக்கும் ஒன்றுதான்.

ராத்திரியில் செய்தித்தாளை வாய்விட்டுப் படித்தேன். நாக்கு கெட்டிக்காரத்தனமான உறுப்பு. இரண்டு வாரத்துக்குள் புதிய சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்குத் தகுந்தபடி ஒரு மயிரிழை பின்னால் போய் நின்றுகொண்டது. அதன்பிறகு யார் காதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நான் அப்படிப் படித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரிதான் அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னாள்: “செட்டு போட்ட புதுசுல நான் மாட்டுக் கொட்டகையில போய்ப் பேசிப் பாப்பேன். மாட்டுக்கிட்டதான். சாமிங்கறது வரவே வராது.” அம்மா அந்த வருடம் வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையில் பாடுவதை நிறுத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. முழங்கால் வலி என்று காரணம் சொன்னாள். கோயிலுக்குப் போனால் பாடச் சொல்வார்களே என்று போகவில்லையாம்.

பேச்சு இரண்டு வாரத்தில் வழிக்கு வந்தது. சாப்பாடு அப்படி வரவில்லை. உறையோடு தண்ணீர் மட்டும்தான் குடிக்கலாம். காபியின் சூட்டில் பிளாஸ்டிக்கின் வடிவம் கெடும், இனிப்பும் பாலும் உறைக்குள் தங்கினால் பல்லைக் கழுவ எச்சில் அங்கே போய்ச் சேராது, பல் சொத்தையாகும். காரணங்கள் நியாயமானவை. ஆனால் எங்கள் ஊரில் சாப்பிடுவது மூன்று வேளையோடு முடிகிற காரியமில்லை. இன்டர்வெல் மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்கு வரும் காபி, சக ஆசிரியை கொண்டுவந்து கையில் வைக்கும் எள்ளுருண்டை, கோயிலில் தொன்னையில் தரும் புளியோதரை, எதிர்வீட்டில் கிண்ணத்தில் கொடுத்தனுப்பும் பாயசம். கையில் வாங்கி வாயில் போட வேண்டியதைக் கையில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளப் பழக வேண்டியிருந்தது. எவ்வளவு தடவை மற்றவர்களுக்காக நம் வாய் திறக்கிறது என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

எதை விடுவது என்பதில் ஒரு முடிவுக்கு வந்தேன். யார் வீட்டுக்காவது போனால் காபி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கும்பகோணத்தில் அதற்கு ஏதோ மனத்தாங்கல் என்றுதான் அர்த்தம். அதனால் அப்படிப் போகிற நாளில் என் வீட்டுச் சாயங்காலக் காபியை விட்டுவிட்டு, அதை அந்த வீட்டுக்காக வைத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டுக் கொல்லையில் கை கழுவி, உறையைக் கழற்றி டப்பாவில் வைத்து, காபியைக் குடித்து, வாய் கொப்பளித்து மாட்டிக்கொள்வேன். வயதான சித்தி ஒருத்தி நான் கழற்றுவதைப் பார்த்து, “உனக்குமா எல்லாம் போயிடுச்சு?” என்று பதறிவிட்டாள்.

உப்பு பார்ப்பதும் என்னிடமிருந்து போயிற்று. சமைக்கும்போது சாம்பாரைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தே பழக்கம். உறையோடு பார்த்தால் மஞ்சள் உறையில் ஏறும். அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். அம்மா திரும்பி நின்று மேல் செட்டைக் கழற்றிவிட்டு நாக்கில் விட்டாள். “அது அண்ணத்தை மூடிக்குமே, அதோட பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியாது. எப்பவும் கழட்டிட்டுத்தான் பாப்பேன்.” ஒரே அடுப்படியில் எத்தனை வருடங்கள் நின்றிருக்கிறோம். நான் பார்க்காதபோதுதான் அவள் அப்படிச் செய்திருக்கிறாள்.

கல்யாணப் பந்திக்கு டாக்டர் தனியாக எச்சரிக்கை கொடுத்திருந்தார். இலை ஓரத்தில் வைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கிறவர்கள் உண்டாம், உறை இலையோடு போய்விடும். டப்பாவைக் கைப்பையிலிருந்து வெளியே எடுக்காமல் அதற்குள்ளேயே திறந்து மூடப் பழகினேன். புதிய உறை மாற்றிய மறுநாள் கல்யாணம் என்றால் கஷ்டம்தான். பல் வேர்வரை கூசும், அப்பளம்கூடக் கல்லாக இருக்கும். ரசம் சாதத்தைக் குழைத்து மெதுவாக மென்றுகொண்டிருப்பேன், அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்கள். முதுகில் அவர்கள் நிற்பது தெரியும். அம்மா ஏன் எப்போதும் கடைசிப் பந்தியில், கோடி இலையில் போய் உட்காருவாள் என்று அப்போது புரிந்தது. பின்னால் யாரும் நிற்காத பந்தி அதுதான்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை ராத்திரிகளில்தான் உறை மாற்றினேன். வலி சனியும் ஞாயிறும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று. ஒரு வெள்ளிக்கிழமை, மாற்றிவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டிருக்கையில், இந்த வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. அடுத்த முறை போனபோது டாக்டரைக் கேட்டேன். அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். பல் எலும்போடு ஒட்டி இல்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தடிமனில் நார்த் திசு இருக்கிறது. அதில்தான் பல் தொங்குகிறது. உறை பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது அந்தப் பக்கத்து நார் நசுங்குகிறது, எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே வருகின்றன. மறுபக்கத்து நார் இழுபடுகிறது, அங்கே எலும்பைக் கட்டும் செல்கள் வருகின்றன. முன்னால் கரைந்து பின்னால் வளர்ந்து, குழியே நகர்கிறது, பல் அதோடு போகிறது. நடவு செய்த செடியைப் பிடுங்காமல் மண்ணோடு நகர்த்துவது மாதிரி.

“இந்த வயசுல எலும்பு வளருமா?” என்றேன்.

“உயிரோட இருக்கிறவரைக்கும் கரைஞ்சு வளர்ந்துட்டேதான் இருக்கும் டீச்சர். சின்னப் பிள்ளைங்களை விட மெதுவா, அவ்வளவுதான்.”

பிறகு அவரே தொடர்ந்து சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. அந்த எலும்பு பல்லுக்காகவே இருக்கிறது. பல்லை எடுத்துவிட்டால் வேலை இல்லாமல் வருடத்துக்கு வருடம் தேய்ந்து கொண்டே போகும். அதனால்தான் பல்செட் நாளாக ஆகத் தளரும். செட் அப்படியேதான் இருக்கும், அடியில் தாடை குறைந்துகொண்டு போகும்.

அம்மாவின் செட் பதினைந்து வருடத்துக்கு மேல் பழையது. பேசும்போது கீழ்வரிசை எழும்பி அடிக்கும், அதை நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசுவாள். முறுக்கை இடித்து, பாலில் ஊறவைத்துச் சாப்பிடுவாள். வயதானால் அப்படித்தான் என்று அவளும் நினைத்திருந்தாள், நாங்களும் நினைத்திருந்தோம். வாய்க்குள் இருக்கும் கஷ்டத்தை யாரும் பார்க்க முடியாது என்பதால் அதைச் சொல்லாமலே பல வருடங்கள் ஓட்டிவிட முடிகிறது. என் வாயில் ஒன்று வந்து உட்கார்ந்த பிறகுதான், ராத்திரி ஒரே வாஷ்பேசினில் அவள் செட்டைக் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போடும்போதும் நான் உறையை அலம்பி மாட்டும்போதும், அம்மா இதையெல்லாம் பேசினாள். அதற்கு முன் பேச அவளுக்கு ஆள் இருக்கவில்லை.

என் சிகிச்சை ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடியது. நடுவில் கோரைப்பல் திரையில் காட்டிய வேகத்தில் வரவில்லை. பிளாஸ்டிக்குக்கு உயரத்திலிருக்கும் பல்லைக் கீழே இழுப்பது கடினம். இன்னொரு தடவை ஸ்கேன் எடுத்து, பட்டனை மாற்றி ஒட்டி, மேற்கொண்டு சில உறைகள் வந்தன. அந்தப் பல் இறங்கி வரிசையில் நின்ற அன்று அம்மா என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “அப்பா சாயல் கொஞ்சம் போயிடுச்சு” என்றாள். பிறகு, “போகட்டும். பல்லு இருந்தா சரி” என்றாள். ஈறில் ரத்தம் வருவது நின்றுபோயிருந்தது.

எல்லாம் முடிந்து பட்டன்களைத் தேய்த்து எடுத்த அன்றும் முடியவில்லை. ஈறிலுள்ள நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கு இழுக்கும், ஆகவே கீழ்ப்பற்களின் உட்புறத்தில் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டினார், ராத்திரி போட்டுக்கொள்ள ஒரு தாங்கியும் கொடுத்தார். எத்தனை நாளைக்கு என்றேன். நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவரைக்கும் என்றார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. மூக்குக் கண்ணாடியை யாரும் நாள் கணக்கில் போட்டுக்கொள்வதில்லையே.

அன்று அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். முதலில் வரமாட்டேன் என்றாள், எழுபதுக்கு மேல் எதற்கு என்றாள். என் உறையில் நகம் படாமல் எடுக்கச் சொல்லிக் கொடுத்தவள் நீதானே, உன் செட்டைப் பற்றி டாக்டருக்கு நீயே சொல் என்றேன். அதற்குத்தான் வந்தாள். தாடை தேய்ந்திருக்கிறது, புதிதாகவே செய்யலாம் என்று முடிவாயிற்று. அளவெடுத்து, அடுத்த முறைகளில் மெழுகில் பல்லைப் பதித்து மாட்டிப் பார்த்தார்கள். மெழுகாக இருக்கும்போதே பேச வைத்துப் பார்ப்பார்கள், அப்போதுதான் முன்பற்களை உள்ளேயோ வெளியேயோ நகர்த்தி வைக்க முடியும்.

“ஏதாவது பேசுங்க பாட்டி.”

“என்ன பேசறது?”

நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தேன். சோறு. தாத்தா. நந்தி. வாழைப்பழம். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். தகரம் நின்றது. நகரம் நின்றது. ழகரம் எப்போதும்போல. சோறு கொஞ்சம் கசிந்தது. டாக்டர் சரியாக இருக்கிறது என்று எழுந்துகொண்டார்.

“இரும்மா” என்றாள் அம்மா. “சாமி வரலை.”

டாக்டர் என்னைப் பார்த்தார். முன்பல்லை ஒரு மயிரிழை உள்ளே தள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் திரும்ப உட்கார்ந்து, விளக்கை இழுத்து, மெழுகைச் சூடாக்க ஆரம்பித்தார்.